ஓ.டி. (ஓவர்டைம்) கேட்டால் எதைக் கொடுப்பது: கூடுதல் மணிநேரத்தையா, ஆஃப் நாளையா?

ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்களிடம் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கும். ஷிஃப்ட் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது சூப்பர்வைசர் வந்து, "ரிலீவர் வரலை, கொஞ்ச நேரம் பாத்துக்கங்க" என்பார். இல்லையென்றால் ஆஃபுக்கு முந்தின நாள் ராத்திரி போன் வரும்: "நாளைக்கு ஒரு நாள் மட்டும் வந்துடுங்க, அப்புறம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்." யோசித்துப் பதில் சொல்ல அவகாசம் இருக்காது. மறுத்தால் ஒத்துழைக்காத ஆள் என்று பெயர் வருமோ என்ற பயம் ஒரு பக்கம். கையில் வரும் கூடுதல் பணம் ஒரு பக்கம். நாம் போகாவிட்டால் இன்னொருவர் தலையில்தானே விழும் என்ற சங்கடம் வேறு. எல்லாம் சேர்ந்து வாயிலிருந்து "சரி" என்று வரவழைத்துவிடும்.

மருத்துவமனை, தொழிற்சாலை, ஹோட்டல், செக்யூரிட்டி, கால் சென்டர் என்று இடம் எதுவானாலும் பேச்சு இதேதான். பெரும்பாலானவர்கள் இதைப் போவதா, வேண்டாமா என்ற ஒரே கேள்வியாகப் பார்க்கிறார்கள். ஆனால் அதே எட்டு மணிநேர வேலையை நான்கைந்து விதமாகக் கொடுக்கலாம். ஷிஃப்டை நீட்டலாம், ஆஃப் நாளில் வரலாம், இன்னொருவரோடு பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம், ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளலாம், மறுக்கலாம். கையில் வரும் பணம் ஒன்றாக இருந்தாலும் உடம்பிலிருந்து போவது ஒவ்வொன்றிலும் வேறு. எதை எப்போது கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்பதை போன் வருவதற்கு முன்பே முடிவு செய்து வைத்திருப்பவர்தான் இந்த வேலையில் நெடுநாள் தாக்குப்பிடிப்பார் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் உங்கள் சீட்டின் (வேலையிடத்தின்) கணக்கைப் போடுங்கள்

எந்த வழியைத் தேர்வது என்பதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும். உங்களைக் கூப்பிடுவது நிஜமான அவசரத்துக்கா, இல்லை நிரந்தர ஆள் பற்றாக்குறைக்கா?

இதைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டாம். வாரத்துக்கு 7 நாள், நாளுக்கு 24 மணிநேரம். மொத்தம் 168 மணிநேரம். இருபத்துநாலு மணிநேரமும் ஆள் இருக்க வேண்டிய ஒரு சீட்டை, வாரம் 48 மணிநேரம் வேலை செய்பவர்களை வைத்து நிரப்பினால் மூன்றரை ஆள் வேண்டும். வாரம் 40 மணிநேரம் என்றால் 4.2 ஆள். இதில் விடுப்பு, உடம்பு சரியில்லாத நாள், பயிற்சி எதுவும் சேரவில்லை. ஆனால் பல இடங்களில் மூன்று ஷிஃப்டுக்கு மூன்று பேர்தான் இருப்பார்கள். மூன்று பேர் 48 மணிநேரம் வேலை செய்தால் 144. வாரத்துக்கு 24 மணிநேரம் துண்டு விழுகிறது. அதாவது ஒருவரும் லீவ் போடாமல், ஒருவருக்கும் காய்ச்சல் வராமல் இருந்தால்கூட, ஒவ்வொருவரும் வாரா வாரம் 8 மணிநேரம் கூடுதலாகக் கொடுத்தே ஆக வேண்டும். அந்த 8 மணிநேரம் சரியாக ஒரு ஆஃப் நாள்.

இப்படிப்பட்ட இடத்தில் "இந்த ஒரு தடவை மட்டும்" என்ற வார்த்தைக்கு அர்த்தமே கிடையாது. சூப்பர்வைசர் நல்லவரா கெட்டவரா என்பதும் இங்கே கேள்வி இல்லை. அவர் கையில் கொடுக்கப்பட்ட ரோஸ்டரிலேயே, அதாவது ஷிஃப்ட் பட்டியலிலேயே, ஓட்டை இருக்கிறது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919இல் நிறைவேற்றிய முதல் உடன்படிக்கையே வேலை நேரம் பற்றியதுதான். நாளுக்கு 8 மணிநேரம், வாரத்துக்கு 48 மணிநேரம் என்று அது வரம்பு வைத்தது. ஷிஃப்ட் வேலையில் மூன்று வாரச் சராசரி அதைத் தாண்டாமல் இருந்தால் போதும் என்றது. அந்த வரம்பை மீற எப்போது அனுமதி என்றும் சொன்னது: விபத்து நடந்தாலோ நடக்கும் அபாயம் இருந்தாலோ, இயந்திரத்தில் அவசர வேலை வந்தாலோ, யார் கையிலும் இல்லாத பேரிடர் வந்தாலோ மீறலாம். நூறு வருஷத்துக்கு முன்பே அவசரம் என்றால் என்ன என்று எழுதி வைத்துவிட்டார்கள். ரோஸ்டரில் ஆள் குறைவாகப் போட்டது அதில் வராது.

நிஜமான அவசரத்துக்குக் கூப்பிட்டால் போகத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வார்டில் நோயாளி இருக்கும்போது, கொதிகலன் ஓடிக்கொண்டிருக்கும்போது, ரிலீவர் வரவில்லை என்று இடத்தைக் காலியாக விட்டுப் போக முடியாது. கீழே வரும் ஒப்பீடு எல்லாம் மற்ற நாட்களுக்கு.

ஷிஃப்டை நீட்டுவதும் ஆஃபை விடுவதும்

எட்டு மணிநேரக் கூடுதல் வேலையை நான்கு நாளுக்கு இரண்டிரண்டு மணிநேரமாகக் கொடுக்கலாம். ஒரே ஆஃப் நாளில் மொத்தமாகவும் கொடுக்கலாம். சம்பளச் சீட்டில் இரண்டும் ஒன்றுதான்.

பணக் கணக்கை முதலில் பார்ப்போம். ஓ.டி.க்கு ஒன்றரை மடங்குச் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணிநேரத்துக்கு 12 மணிநேரச் சம்பளம் வரும். வேலைக்குப் போக ஒரு மணிநேரம், திரும்ப ஒரு மணிநேரம் என்றால் ஆஃப் நாளில் உங்களிடமிருந்து போவது 10 மணிநேரம். 12 மணிநேரச் சம்பளத்தை 10 மணிநேரத்துக்குப் பிரித்தால் ஒன்றரை மடங்கு என்றது 1.2 மடங்காகிவிடுகிறது. ஷிஃப்டுக்குப் பிறகு இரண்டு மணிநேரம் நின்றால் அந்தப் பயணம் ஏற்கெனவே செய்ததுதான், ஒன்றரை மடங்கு முழுசாக நிற்கும். வீடு தூரமாக இருக்க இருக்க இந்த வித்தியாசம் கூடும்.

பணத்தைவிடப் பெரிய வித்தியாசம் நாட்களின் தொடர்ச்சியில் இருக்கிறது. ஆறு நாள் வேலை, ஒரு நாள் ஆஃப், மறுபடி ஆறு நாள் வேலை. நடுவில் இருக்கும் அந்த ஒரு நாளைக் கொடுத்தால் "ஒரு நாள்தானே போச்சு" என்று தோன்றும். உண்மையில் தொடர்ந்து 13 நாள் வேலை செய்யப் போகிறீர்கள். 1948ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம், வார ஓய்வை வேறு நாளுக்கு மாற்ற அனுமதித்தபோதும், முழு நாள் ஓய்வு இல்லாமல் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றது இதனால்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலைநேர நெறிமுறை இன்னும் கவனமாக எழுதப்பட்டது. நாளுக்குக் குறைந்தது 11 மணிநேரம் தொடர்ச்சியான ஓய்வு, வாரத்துக்கு ஒருமுறை 24 மணிநேரம், அந்த இரண்டும் சேர்ந்து வர வேண்டும் என்கிறது. அதாவது 35 மணிநேரம் ஒரே மூச்சில். ஏன் 35? காலண்டரில் ஒரு நாள் காலியாக இருப்பது போதாது, அதன் இரண்டு பக்கமும் தூக்கம் இருக்க வேண்டும். நைட் ஷிஃப்ட் முடிந்து ஞாயிறு காலை ஆறு மணிக்கு வெளியே வருபவருக்கு திங்கள் காலை ஆறு மணிக்கு டியூட்டி போட்டால், ரோஸ்டரில் அது ஆஃப். பகலில் பாதி தூங்கியே போய்விடும். அதை ஆஃப் என்று ஒத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் ஆயுதத் தொழிற்சாலைகளில் இதை அளந்தே பார்த்தார்கள். அங்கே வாரம் 70 மணிநேரம் வரை வேலை வாங்கினார்கள், பலர் பெண்கள். தொழிலாளர் உடல்நலத்தை ஆராய 1915இல் ஒரு குழு போடப்பட்டது. அந்தக் குழு சேர்த்த பதிவுகளைப் பொருளாதார அறிஞர் ஜான் பென்கவெல் 2014இல் மறுபடி எடுத்துக் கணக்குப் போட்டார். வாரம் சுமார் 50 மணிநேரத்துக்கு மேல் போனால் ஒவ்வொரு கூடுதல் மணிநேரத்திலும் வரும் உற்பத்தி குறைந்துகொண்டே போனது. 70 மணிநேரம் செய்தவர்கள் கொடுத்ததும் 56 மணிநேரம் செய்தவர்கள் கொடுத்ததும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வார ஓய்வு நாள் இல்லாதபோது அந்த வாரத்தின் மொத்த உற்பத்தியே அடிவாங்கியது என்பதும் அதில் தெரிந்தது. போர்க் காலத்து அவசரத்திலேயே ஓய்வு நாளைப் பிடுங்கியதால் லாபம் வரவில்லை.

ஆகவே பகல் ஷிஃப்டில் இருப்பவருக்கு என் பரிந்துரை: மணிநேரத்தைக் கொடுங்கள், நாளைக் கொடுக்காதீர்கள். ஆனால் மணிநேரத்துக்கும் எல்லை உண்டு. ஷிஃப்ட் வேலை விபத்துகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த சைமன் ஃபோக்கார்டும் ஃபிலிப் டக்கரும் 2003இல் சொன்னது: பன்னிரண்டாவது மணிநேரத்தில் விபத்து அபாயம் முதல் எட்டு மணிநேரத்தின் சராசரியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அமெரிக்க நர்ஸ்களிடம் எடுத்த 2004ஆம் ஆண்டு ஆய்வில், ஷிஃப்ட் பன்னிரண்டரை மணிநேரத்தைத் தொட்டாலோ தாண்டினாலோ தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்கானது. இரண்டு மணிநேரம் நிற்கலாம். நான்கு என்பது கடைசி எல்லை, அதுவும் எப்போதாவது.

டபுள் ஷிஃப்ட் என்பதை நான் ஒரு தேர்வாகவே எண்ண மாட்டேன். காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு நாலரைக்கு எழுந்தவர் இரவு பத்து வரை நின்றால் பதினேழரை மணிநேரம் விழித்திருக்கிறார். ட்ரூ டாசனும் கேத்ரின் ரீடும் 1997இல் செய்த சோதனையில், 17 மணிநேரம் விழித்திருந்தவர்களின் கை-கண் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மதுவோடு இருப்பவர்களின் அளவுக்கு இறங்கியது. பல நாடுகளில் வண்டி ஓட்டுவதற்கான சட்ட வரம்பே அதுதான். இந்த நிலையில் அவர் வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போக வேண்டும், மறுநாள் காலை ஆறு மணிக்குத் திரும்ப வர வேண்டும். நடுவில் இருப்பது எட்டு மணிநேரம். பயணம், குளியல், சாப்பாடு போக ஐந்து மணிநேரம் தூங்கினால் அதிகம்.

ஒருவர் வராத எட்டு மணிநேரத்தை நிரப்ப இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பல இடங்களில் ஏற்கெனவே செய்கிறார்கள். முந்தைய ஷிஃப்டில் இருப்பவர் நான்கு மணிநேரம் கூடுதலாக நிற்பார், அடுத்த ஷிஃப்டுக்காரர் நான்கு மணிநேரம் முன்னதாக வருவார். இரண்டு பேருக்கும் பன்னிரண்டு மணிநேரம், யாருக்கும் பதினாறு இல்லை, யாருடைய ஆஃபும் போகாது. பணமும் இரண்டு பேருக்குப் பிரியும். "நான் நாலு மணி நேரம் நிக்கறேன் சார், அடுத்த ஷிஃப்ட் அண்ணனைச் சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்று நீங்களே முன்வைக்கலாம். முழுசாக மறுப்பதைவிட இதைச் சொல்வது எளிது. சூப்பர்வைசருக்கும் ஒரு வழி கிடைக்கிறது.

நைட் ஷிஃப்டில் கணக்கு தலைகீழ்

மேலே சொன்னது பகலுக்கு. நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் நிற்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான ஓ.டி. மதியம் ஒரு மணிக்கு எழுந்தவர் காலை ஆறு மணிக்கு வெளியே வரும்போதே 17 மணிநேரம் ஆகியிருக்கும். அங்கிருந்து ஒவ்வொரு மணிநேரமும் கடன்தான். அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களிடம் எடுத்த, 2005இல் வெளியான ஆய்வில், 24 மணிநேரத்துக்கு மேல் நீண்ட டியூட்டி முடிந்து வீடு திரும்பும்போது வாகன விபத்து நேரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. நைட் முடிந்தபின் கேட்டால் மறுப்பதுதான் சரி. நிஜ அவசரம் என்றால் மட்டும் நில்லுங்கள், நின்றபின் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வேறு வழியில் வீடு போய்ச் சேருங்கள்.

தொடர்ச்சியான நைட்டுகளுக்கும் தனிக் கணக்கு உண்டு. அதே ஃபோக்கார்ட், டக்கர் தொகுப்பில் முதல் நைட்டோடு ஒப்பிடும்போது இரண்டாவது நைட்டில் விபத்து அபாயம் சுமார் 6 சதவீதமும், மூன்றாவதில் 17 சதவீதமும், நான்காவதில் 36 சதவீதமும் கூடியிருந்தது. நைட் சுற்று முடிந்து வரும் ஆஃபை விட்டு இன்னொரு நைட் செய்வது இந்த ஏணியில் மேலும் ஒரு படி ஏறுவது. நைட்டில் இருப்பவர் ஆஃபைக் கொடுக்கக் கூடாது, ஷிஃப்டையும் நீட்டக் கூடாது. வேண்டுமானால் பகல் சுற்றுக்கு மாறிய வாரத்தில் மணிநேரமாகத் திருப்பிக் கொடுக்கலாம்.

"எனக்குப் பழகிடுச்சு, ஒண்ணும் தெரியலை" என்று சொல்பவர்களை எல்லா இடத்திலும் பார்க்கலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. 2003இல் வெளியான ஒரு தூக்க ஆய்வில் சிலரை இரண்டு வாரம் தினமும் ஆறு மணிநேரம் மட்டும் தூங்க விட்டார்கள். கவனச் சோதனைகளில் அவர்கள் செயல்பாடு நாளுக்கு நாள் இறங்கி, ஒன்றிரண்டு இரவு முழுக்கத் தூங்காதவர்களின் அளவுக்குப் போனது. ஆனால் தூக்கம் வருகிறதா என்று கேட்டபோது, கொஞ்சம்தான் என்றார்கள். களைப்பை நாமே அளக்க முடியாது என்பதால்தான் எல்லையை எண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். உடம்பைக் கேட்டு முடிவு செய்யலாம் என்றால் உடம்பு தப்பான பதிலைச் சொல்லும்.

பணமா, காம்ப் ஆஃபா

சில இடங்களில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஆஃபில் வந்ததற்கு ஓ.டி. பணம், இல்லையென்றால் பதிலுக்கு வேறொரு நாள் விடுமுறை. பணம் தேவைப்படுபவரிடம் காம்ப் ஆஃபின் பெருமையைப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. பிள்ளையின் கட்டணமும் வட்டியும் ஓய்வு நாளால் அடையாது. ஆனாலும் இரண்டு விஷயம் சொல்லத் தோன்றுகிறது.

ஒன்று, ஓ.டி. விகிதம் எதன் மேல் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். நாட்டுக்கு நாடு விகிதம் மாறும். 1919 உடன்படிக்கை குறைந்தது ஒன்றேகால் மடங்கு என்றது. அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதன் வரம்புக்குள் வரும் தொழிலாளர்களுக்கு வாரம் 40 மணிநேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு. இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் இரண்டு மடங்கு என்று வைத்தது. ஆனால் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எடுத்து, படிகளை விட்டுவிட்டுப் பெருக்கினால் இரண்டு மடங்கு என்பது ஒரு மடங்கை ஒட்டி வந்து நின்றுவிடும். ஒரு மாதச் சம்பளச் சீட்டை வைத்து ஒரு மணிநேர ஓ.டி.க்கு எவ்வளவு வருகிறது என்று கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தச் சம்பளத்தின் ஒரு மணிநேரக் கூலியைவிட அது அதிகமில்லை என்றால், ஆஃபைக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

இரண்டு, ஓ.டி. பணத்தை நம்பி மாதத் தவணை எடுக்காதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஓ.டி. உங்கள் உரிமை இல்லை, நிறுவனத்தின் தேவை. ஆர்டர் குறைந்தால், புது மேலாளர் வந்தால், அடுத்த மாதமே நின்றுவிடும். தவணை நிற்காது. அதுவரை ஓ.டி. கேட்டு உங்களிடம் வந்தவர்களிடம் நீங்கள் போய் நிற்க வேண்டி வரும். அப்புறம் எந்த எல்லையும் வைக்க முடியாது. ஓ.டி. பணத்தை அன்றாடச் செலவிலிருந்து தள்ளி, தனிக் கணக்கில் போட்டு வைப்பவர்களால்தான் "இந்த வாரம் வேண்டாம்" என்று சொல்ல முடிகிறது.

காம்ப் ஆஃபைத் தேர்ந்தால் ஒரே ஒரு நிபந்தனை போதும்: தேதி. "அப்புறம் எடுத்துக்கலாம்" என்ற காம்ப் ஆஃப், ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் வரவே வராது. இன்றைக்கு உங்கள் ஆஃபைப் பிடுங்கிய அதே பற்றாக்குறை அடுத்த வாரமும் இருக்கும். பழைய தொழிற்சாலைச் சட்டம் பதில் விடுமுறையை அந்த மாதத்திலோ அடுத்த இரண்டு மாதத்துக்குள்ளோ கொடுத்துவிட வேண்டும் என்று கெடு வைத்தது. நான் அந்தக் கெடுவையே தாராளம் என்பேன். ஏழு நாளுக்குள் தேதி சொன்னால் வருகிறேன் என்று கேளுங்கள். தேதியை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். பகல் ஷிஃப்டில் இருந்து, ஏழு நாளுக்குள் தேதியோடு காம்ப் ஆஃப் கிடைக்கும் என்றால் மட்டுமே ஆஃபை விடலாம். அப்போது அது விடுவது ஆகாது, தள்ளி வைப்பதுதான்.

நீங்களே ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது

உடன் வேலை செய்பவர்களோடு ஆஃபை மாற்றிக்கொள்வது எல்லாரும் செய்வதுதான், நல்ல வழிதான். கவனிக்க வேண்டியது இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே இருக்கும் இடைவெளி. மாற்றியதால் இரவு பத்து மணிக்கு முடித்து மறுநாள் காலை ஆறு மணிக்கு வர வேண்டியிருந்தால், ஓ.டி. செய்யாமலே டபுள் ஷிஃப்டின் தூக்கக் கேட்டை வாங்கிக்கொள்கிறீர்கள். பதினொரு மணிநேரம் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். பதிவேட்டில் மாற்றம் ஏறிவிட்டதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் நீங்கள் வராத நாள் உங்கள் பெயரில் ஆப்சென்ட் ஆகும்.

மறுப்பது

மறுக்க முடியுமா என்பது இடத்தைப் பொறுத்தது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பெரியவர்களின் வேலை நேரத்துக்கு உச்சவரம்பு கிடையாது, கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்தால் போதும். ஆனால் அங்கேயே பல மாநிலங்கள் நர்ஸ்களைக் கட்டாயப்படுத்தி ஓ.டி. வாங்கத் தடை வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓ.டி.யையும் சேர்த்து வாரச் சராசரி பொதுவாக 48 மணிநேரத்தைத் தாண்டக் கூடாது. இந்தியாவில் 2020இல் இயற்றப்பட்ட பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு தொழிலாளியின் சம்மதம் இருந்தால்தான் ஓ.டி. வாங்கலாம் என்கிறது. உங்கள் நாட்டு விதியையும், வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளையும் ஒருமுறை படித்து வைத்துக்கொள்வது நல்லது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பெரும்பாலும் மறுப்பு தோற்பது பேச்சில்தான். காரணம் சொல்வதுதான் அங்கே நாம் விடும் பிடி. "தங்கச்சி வீட்டுக்குப் போகணும்" என்று சொன்ன உடனே அந்தக் காரணம் எடை போடப்படும். "சாயந்தரம் போலாமே, மதியம் வரை வாங்க" என்று பதில் வரும். கல்யாணம் ஆகாதவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். "உனக்கென்னப்பா, குடும்பமா குட்டியா, வந்துட்டுப் போ" என்று முதலில் அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். சும்மா படுத்திருப்பதற்கும் ஆஃப் நாள்தான். அதற்கு யாரிடமும் நியாயம் சொல்ல வேண்டியதில்லை. "நாளைக்கு முடியாது சார். வியாழக்கிழமை ரெண்டு மணி நேரம் நிக்கறேன்." இவ்வளவு போதும். முடியாததை ஒரு வரியில், முடிவதை ஒரு வரியில். மன்னிப்பும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம்.

எல்லாராலும் இப்படிச் சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்தவர், காண்ட்ராக்டில் இருப்பவர், விசாவே முதலாளியின் கையில் இருப்பவர், இவர்களிடம் போய் "உறுதியாக மறுங்கள்" என்பது எளிது, அவர்கள் நிலையில் செய்வது கஷ்டம். அவர்களுக்கு நான் சொல்வது மூன்று: டபுள் ஷிஃப்டை மட்டுமாவது தவிர்க்கப் பாருங்கள், நைட்டுக்குப் பிறகு நிற்பதை மட்டுமாவது தவிர்க்கப் பாருங்கள், செய்த ஒவ்வொரு கூடுதல் மணிநேரத்தையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நிரந்தரமாக இருக்கும் மூத்தவர்களுக்கு இங்கே ஒரு பொறுப்பு இருக்கிறது. அவர்கள் மறுத்தால் அந்தப் போன் நேராக இந்தப் பிள்ளைகளுக்குத்தான் போகும். தான் மட்டும் தப்பித்துக்கொள்ளும் மறுப்பு எனக்கு உடன்பாடில்லை.

இதனால்தான் தனித்தனியாகச் சரி சொல்வதையும் தனித்தனியாக மறுப்பதையும்விட, ஷிஃப்டில் இருப்பவர்கள் சேர்ந்து ஒரு வரிசைப் பட்டியல் வைப்பது மேல் என்கிறேன். ஓ.டி. வேண்டும் என்பவர்கள் மாதத் தொடக்கத்தில் பெயர் கொடுப்பார்கள், அவர்களுக்கு முதல் அழைப்பு. அவர்களால் நிரம்பாததை மற்றவர்கள் முறைவைத்து எடுப்பார்கள். ஒருமுறை எடுத்தவர் பெயர் பட்டியலின் அடிக்குப் போகும். ஒருவருக்கு வாரத்துக்கு இத்தனை மணிநேரம்தான் என்ற உச்சவரம்பு பணம் வேண்டுபவருக்கும் பொருந்த வேண்டும். உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, வாரம் 55 மணிநேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம், 35 முதல் 40 மணிநேரம் செய்பவர்களைவிட சுமார் 35 சதவீதம் அதிகம் என்றது. அந்த 55ஐத் தொடாத வரம்பாக இருக்கட்டும்.

மூன்று பேரை வைத்து ஓட்டும் சீட்டில் இந்தப் பட்டியலும் சீக்கிரம் திணறும். அப்போது நோட்டில் எழுதியது உதவும். வாரம் 24 மணிநேரத் துண்டை ஓ.டி.யால் நிரப்ப நிறுவனத்துக்கு என்ன செலவு? ஒன்றேகால் மடங்கில் 30 மணிநேரச் சம்பளம். ஒன்றரை மடங்கில் 36. இரண்டு மடங்கில் 48, அதாவது முழு வாரம் வேலை செய்யும் ஓர் ஆளின் சம்பளம். இரண்டு மடங்கு ஒழுங்காகக் கொடுக்கும் இடத்தில் நான்காவது ஆளை எடுத்தால் சம்பளச் செலவு ஏறாது. அவருக்கான மற்றப் பலன்கள் கொஞ்சம் கூடும், பதிலுக்கு விடுப்பையும் காய்ச்சலையும் சமாளிக்க 24 மணிநேரம் கையில் மிச்சம் இருக்கும். குறைந்த விகிதம் கொடுக்கும் இடத்தில், அல்லது அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் கணக்குப் பார்க்கும் இடத்தில், ஓ.டி.யை நீட்டிக்கொண்டே போவதுதான் அவர்களுக்கு மலிவு. அங்கே புது ஆளைக் கேட்பதற்கு முன் விகிதத்தைச் சரியாகப் போடச் சொல்லிக் கேட்க வேண்டும். விகிதம் ஏறினால் நான்காவது ஆளுக்கான பேச்சை நிர்வாகமே தொடங்கும். மூன்று மாத ரோஸ்டர், ஓ.டி. நோட்டு, இந்தக் கணக்கு மூன்றையும் ஒரே தாளில் எழுதி, ஷிஃப்டில் இருக்கும் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்.